தாரணிக்கு ஆன கல்யாணம்

கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள் மாமா. மூச்சு வாங்குகிறது. வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடியே வந்தேன். இந்தப் பஸ் போயிருந்தால் அடுத்த பஸ்ஸைப் பிடித்து உங்கள் வீட்டுக்கே வந்து நின்றிருப்பேன். அது மரியாதையாக இருந்திருக்காது. டிக்கெட் எடுத்துவிட்டேன், உங்களுக்கும் சேர்த்து. மதுக்கூர்தானே? தரகர் சொல்லியிருக்கிறார், மாப்பிள்ளை வீடு பேராவூரணி, சித்தப்பா வீடு மதுக்கூர் என்று.

மாமா என்று கூப்பிடலாம் இல்லையா? மாப்பிள்ளைக்குச் சித்தப்பா என்றால் எனக்கு மாமா முறை. வெள்ளிக்கிழமை நீங்கள் எல்லோரும் வந்து அக்காவுக்குப் பூ வைத்துவிட்டால் அப்புறம் இதை யாரும் கேட்கப் போவதில்லை.

வருவீர்கள் இல்லையா?

சரி, இப்போது சொல்ல வேண்டாம். நான் சொல்வதைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். மதுக்கூர் வருவதற்குள் முடித்துவிடுகிறேன். எனக்குச் சத்தமாகப் பேச வராது, இந்த பஸ் இரைச்சலில் கேட்கவில்லை என்றால் சொல்லுங்கள், கிட்டே வருகிறேன்.

காலையில் நீங்கள் தரகர் இல்லாமல் தனியாக வந்ததுமே எனக்குத் திக்கென்றது. வந்தவர் உட்காரவில்லை. கூடத்தைப் பார்த்தீர்கள், பின்கட்டுப் பக்கம் எட்டிக் கொடியில் காய்கிற துணியைப் பார்த்தீர்கள். விசாரிக்க வருகிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள், அதில் தப்பில்லை. அப்புறம் அம்மாவிடம் கேட்டீர்களே, "குழந்தை எங்கேம்மா?" என்று. அம்மா பாவம், "எந்தக் குழந்தைங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டது. நீங்கள் போனை நீட்டினீர்கள். அம்மாவுக்குக் கண்ணாடி இல்லாமல் தெரியாது. எனக்குத் தெரிந்தது. அக்காவின் ஜாதகக் கட்டம். என் ப்ளாக்கில் நான் போட்ட கட்டம். அதற்குக் கீழே 'தாரணி' என்று நான் வைத்த பெயர்.

காபியைத் தொடாமல் கிளம்பி வந்துவிட்டீர்கள்.

மாமா, என் அக்கா மங்கையர்க்கரசிக்குக் கல்யாணம் ஆகவில்லை. குழந்தை இல்லை. சத்தியமாக இல்லை. தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அவள் வேலை பார்க்கிற கிளினிக்கில் கேளுங்கள், ரத்தம் எடுக்கிற மங்கை என்றால் மன்னார்குடியில் பாதிப் பேருக்குத் தெரியும், வலிக்காமல் எடுப்பாள். கல்யாணம் ஆனதும் குழந்தை உண்டானதும் தாரணிக்கு. தாரணி என்று யாரும் கிடையாது. அவளை நான்தான் எழுதினேன்.

எப்படி ஆரம்பித்தது என்று சொல்கிறேன்.

டிப்ளமா முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். அப்பா போனபிறகு அக்கா சம்பளம்தான். அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. "டேய் கடேசா, வீட்டுலயே கிடந்தா பூஞ்சக்காளான் பிடிச்சிடும், வா" என்று ஸ்கூட்டரில் உட்காரவைத்து ஏதாவது ஒரு கோயிலுக்குக் கூட்டிப்போவாள். எனக்கு வண்டி ஓட்ட வராது. கடேசன் என்பது என் பெயர், அமிர்தகடேசன். அந்தக் கோயில்களைப் பற்றி எழுதத் தொடங்கினேன். யார் கட்டியது, தூணில் என்ன இருக்கிறது, குளத்தில் தண்ணீர் இருக்கிறதா. நன்றாகத்தான் எழுதினேன். படிக்கத்தான் ஆளில்லை. கமெண்டில் யாராவது வந்தால் அது அக்காவாக இருக்கும், 'அருமை' என்று போட்டிருப்பாள்.

அப்புறம் சென்னையிலிருந்து ஒரு டூர் கம்பெனி போன் பண்ணியது. கல்யாணத் தடைக்குப் பரிகாரக் கோயில், பஸ்ஸில் கூட்டிப்போய்க் கூட்டிவருகிற கம்பெனி. நிரஞ்சனா மேடம் என்று ஒருத்தர் பேசினார். என் ப்ளாக்கோடு கூட்டு வைத்துக்கொள்கிறோம், ஒவ்வொரு கட்டுரைக்கும் பணம் தருகிறோம் என்றார். நான் தலபுராணம் எழுதி அனுப்பினேன்.

"சார், நல்லாத்தான் இருக்கு. ஆனா இதப் படிச்சிட்டு யாரும் பஸ் ஏற மாட்டாங்க."

"வேற என்ன மேடம் எழுதணும்?"

"அனுபவம் சார். யாருக்கு நடந்துச்சு, எப்படி நடந்துச்சு. உங்க வீட்டுல யாருக்காவது கல்யாணம் தள்ளிப் போயிருக்கா?"

"அக்காவுக்குத்தான் மேடம். செவ்வாய் தோஷம்."

"பாருங்க, கையில வச்சிக்கிட்டு வேற எங்கயோ தேடுறீங்க."

அவர் தப்பாகச் சொல்லவில்லை மாமா. அவர் வேலை அது. அக்காவிடம் கேட்டேன். "முகத்தைக் காட்டாத. பேரை மாத்திடு. கிளினிக்ல பார்த்தா சிரிப்பாங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மனசார ஒப்புக்கொண்டாள் என்றுதான் அர்த்தம்.

முதல் கட்டுரை முழுக்க நிஜம். அக்கா கம்பெனி சொன்ன பரிகாரக் கோயிலுக்குப் போனாள், சாமிக்கு மாலை சாத்தினாள், அர்ச்சகர் ஒரு மாலையை எடுத்து அவள் கழுத்தில் போட்டார், போட்டுக்கொண்டு பிராகாரம் சுற்றினாள். அந்த மாலையை வீட்டுக்குக் கொண்டுவந்து பத்திரமாக வைக்க வேண்டும், கல்யாணம் ஆனதும் புருஷனோடு போய்த் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதுதான் அங்கே வழக்கம். வெள்ளைத் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்தாள். பின்னாலிருந்து படம் எடுத்துப் போட்டேன். கீழே, 'இது விளம்பரக் கூட்டுக் கட்டுரை' என்று முறைப்படி போட்டேன் மாமா, நான் யாரையும் ஏமாற்றவில்லை. எழுத்தைக் கொஞ்சம் சின்னதாக்கச் சொன்னார் மேடம், சின்னதாக்கினேன்.

கமெண்ட் வந்தது பாருங்கள். எந்த ஊர், எப்படிப் போவது, எந்த நட்சத்திரத்துக்கு எந்த நாள். ஒருத்தர் கேட்டார், தோஷம் தோஷம் என்கிறீர்களே, ஜாதகத்தைப் போடுங்கள் பார்ப்போம் என்று.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். பொய்யாக ஒரு கட்டம் போட்டிருக்கலாம். ஆனால் அங்கே வருகிறவர்கள் எல்லாம் பாதி ஜோசியர்கள். புதனைச் சூரியனை விட்டு நாலு கட்டம் தள்ளிப் போட்டால் முதல் கமெண்டிலேயே மானம் போய்விடும். எனக்குக் கட்டம் போடத் தெரியாது. பீரோவைத் திறந்து அக்கா ஜாதகத்தை எடுத்து அதைப் பார்த்து அப்படியே வரைந்து போட்டுவிட்டேன். பெயரை மாற்றியாயிற்று, முகத்தை மறைத்தாயிற்று, கட்டத்தில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். கட்டத்தை வைத்துத்தானே மாமா நம்மவர்கள் பெண்ணையே கண்டுபிடிக்கிறார்கள். முகத்தைக் கடைசியில்தானே பார்க்கிறார்கள். அது எனக்குத் தோன்றவில்லை.

அப்புறம் மேடம் கேட்டார், "தாரணிக்கு வரன் அமைஞ்சிதா சார்? எல்லாரும் கேட்கறாங்க." அக்காவுக்கு ஒன்றும் அமையவில்லை. வந்த இரண்டு இடமும் எட்டில் செவ்வாய் என்று திரும்பிப் போய்விட்டது. தாரணிக்காவது அமையட்டும் என்று எழுதினேன். நிச்சயம் ஆயிற்று என்று எழுதினேன். அப்படி எழுதிய அன்றைக்கு எத்தனை பேர் வாழ்த்தினார்கள் தெரியுமா? அக்காவிடம் காட்டினேன். படித்துவிட்டு, "புருஷன் என்ன வேலை பார்க்கிறான்?" என்று கேட்டாள்.

"சிங்கப்பூர்ல."

"குடுத்து வச்சவ" என்றாள். சிரித்தாள். அவளுக்கு இதெல்லாம் தமாஷ்.

கல்யாணப் படத்துக்குப் பெரியம்மா மகள் ஆல்பத்திலிருந்து ஒன்று எடுத்து முகத்தை மழுங்கடித்துப் போட்டேன். அடுத்து மாலையைத் திருப்பிக் கொடுக்கிற படம் வேண்டும் என்றார்கள். அது இல்லாமல் கதை முடியாதே. பீரோவிலிருந்து அக்காவின் மாலையை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். அர்ச்சகர் தட்டில் வாங்கிக்கொண்டார், படம் எடுத்தேன், வந்துவிட்டேன். காய்ந்த சருகுதானே மாமா. அக்கா அன்றைக்குச் சாயந்திரம் பீரோவைத் திறந்தாள். வெள்ளைத் துணி மட்டும் மடித்து இருந்தது. எடுத்துப் பார்த்தாள், திரும்ப வைத்துவிட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். கம்பெனியில் குழந்தை பாக்கியத்துக்கு ஒரு டூர் ஆரம்பித்தார்கள்.

வளைகாப்புப் படத்தில் இருக்கிற கை அக்கா கைதான், அதை மறைக்கவில்லை. கண்ணாடி வளையல் நான்தான் வாங்கி வந்தேன். இரண்டு கை நிறையப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். அம்மா பார்த்துவிட்டது. "கல்யாணமாகாத பொண்ணு கையிலடா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. அம்மா அந்தக் காலத்து மனுஷி. அக்கா நான் சொன்னபடி கையைக் காட்டினாள். முடிந்ததும் கழற்றிவிடு என்றேன். "இருக்கட்டும்டா, நல்லாருக்கு" என்று அப்படியே கிளினிக்குக்குப் போட்டுக்கொண்டு போனாள். என்ன விசேஷம் என்று நோயாளிகள் கேட்டிருக்கிறார்கள். சும்மாதான் என்றாளாம்.

பாருங்கள், அவளுக்கே பிடித்துத்தான் இருந்தது.

தாரணிக்குக் குழந்தை பிறந்துவிட்டது என்று எழுதினேன். அப்போதுதான் உங்கள் இடம் வந்தது. மாப்பிள்ளைக்கும் செவ்வாய், அதனால் பொருந்தியது. கூட்டுறவு வங்கி, குணமான பிள்ளை. பெண் பார்க்க வந்தபோது அவர் அக்காவிடம் தனியாக என்ன பேசினாரோ தெரியாது. போனபிறகு அம்மா, "என்னடி, பிடிச்சிருக்கா?" என்று கேட்டதற்கு, "ஊசின்னா அவருக்குப் பயமாம்" என்றாள். அன்றையிலிருந்து தினமும் வேலை முடிந்து வரும்போது பூ வாங்கி வருகிறாள் மாமா. அதற்கு முன்னால் வாங்கமாட்டாள். இது கைவிட்டுப் போனால் அவள் இன்னொரு தடவை யார் முன்னாலும் வந்து உட்கார மாட்டாள், அது எனக்குத் தெரியும். தாரணியை வைத்து அவளுக்குக் கல்யாணம் நின்றுபோனால் நான் எந்த முகத்தோடு அந்த வீட்டில் சாப்பிடுவது?

ஏன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வருகிறீர்கள்? கோபமா? கோபம் இருக்கும். திட்டுங்கள். பக்கத்தில் இருப்பவர்கள் கேட்டாலும் பரவாயில்லை.

முழுக்கப் பொய் மாமா. அதைத்தான் உங்களுக்குப் புரியவைக்கப் பார்க்கிறேன். அந்தக் கோயிலுக்குப் போய் எங்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஒரு மண்ணும் நடக்கவில்லை. மாலை போட்டுக்கொண்டு வந்தபிறகுதான் இரண்டு இடம் தட்டிப்போயிற்று. நிச்சயம் பொய், சிங்கப்பூர் பொய், குழந்தை பொய். 'நம்பிக்கையோடு போங்கள், தாரணிக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கும்' என்று ஒவ்வொரு கமெண்டுக்கும் பதில் போட்டேனே, அது நிரஞ்சனா மேடம் அனுப்பிய வாசகம். நான் வெட்டி ஒட்டினேன்.

உங்களுக்கு இன்னும் சந்தேகம் இருந்தால் இதோ, உங்கள் கண் முன்னாலேயே அழித்துவிடுகிறேன். அழித்தால் கம்பெனிக் கூட்டு போய்விடும், கொடுத்ததைத் திருப்பிக் கேட்பார்கள், கேட்கட்டும். எனக்கு அக்காதான் முக்கியம். இதோ பாருங்கள், தாரணி கட்டுரை எல்லாம் வரிசையாக இருக்கிறது. இதைத் தொட்டால் போதும், மொத்தமும் போய்விடும்.

ஏன் மாமா கையைப் பிடிக்கிறீர்கள்?

வேண்டாமா? அழிக்க வேண்டாமா?

கேட்கவில்லை, கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள். யார் படிக்கிறது? உங்கள் பெண்ணா?

உமையாள். நல்ல பெயர் மாமா. தரகர் சொல்லவேயில்லை, உங்களுக்கு ஒரு பெண் இருப்பதாக. முப்பத்துமூன்றா. ஓ. எட்டில் செவ்வாயா. அக்காவுக்கும் எட்டில்தான். ஆமாம், உங்களுக்குத் தெரியும், என் கட்டத்தில் பார்த்திருக்கிறீர்கள்.

அந்த டூரிலேயே போனீர்களா? நீங்கள், உமையாள், அத்தை, மூன்று பேரும்? கமெண்டில் கேட்டது நீங்களா. எட்டில் இருந்தாலும் பலிக்குமா என்று. நான் பதில் போட்டேனா. போட்டிருப்பேன் மாமா, எல்லோருக்கும் போட்டேன்.

எனக்குப் புரியவில்லை. அப்படியென்றால் காலையில் குழந்தை எங்கே என்று கேட்டது சண்டைக்கு இல்லையா? பார்க்கவா? குழந்தையைப் பார்க்கவா வந்தீர்கள்?

மெதுவாகச் சொல்லுங்கள். உங்கள் அண்ணன், மாப்பிள்ளையின் அப்பா, உங்களிடம் அக்கா ஜாதகத்தைப் பொருத்தம் பார்க்கக் கொடுத்திருக்கிறார். நீங்கள் பார்த்ததும் தாரணி கட்டம் என்று கண்டுகொண்டீர்கள். உமையாள் கட்டத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்து மனப்பாடம் ஆகியிருந்தது. சரி. ரெட்டையா? யார் ரெட்டை? அக்காவா?

ஒரே கட்டம் இரண்டு பேருக்கு என்றால் ரெட்டைப் பிறவியாகத்தான் இருக்கும் என்று நினைத்தீர்கள். ஒருத்தி தாரணி, கல்யாணமாகிப் பிரசவத்துக்கு வந்து இங்கேயே இருப்பாள். இன்னொருத்தி மங்கை, அவளுக்குத்தான் இப்போது பார்க்கிறார்கள். அப்படி நினைத்துக்கொண்டுதான் அண்ணனிடம்கூடச் சொல்லாமல் தனியாகப் பஸ் ஏறி வந்தீர்கள். கொடியில் குழந்தைத் துணியைத்தான் தேடினீர்கள்.

கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள் மாமா, கண்டக்டர் பார்க்கிறார்.

நான் ஏறினதிலிருந்து உங்களிடம் பொய் பொய் என்று சொல்லிக்கொண்டே வந்திருக்கிறேன். சத்தியமெல்லாம் பண்ணி. நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை, தடுத்திருக்கலாம்.

மாமா, ஒன்று நினைத்துப் பாருங்கள். நான் எழுதியதுதான் பொய். கோயில் பொய் இல்லையே. அக்கா மாலை போட்டுக்கொண்டாள், இப்போது உங்கள் இடம் வந்திருக்கிறது. கொஞ்சம் தாமதமாக நடந்திருக்கிறது, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை நீங்கள் பூ வைத்துவிட்டால் நான் எழுதினது எல்லாமே உண்மை ஆகிவிடும். சிங்கப்பூர் மட்டும் பேராவூரணி என்று மாறும்.

தலையை ஆட்டாதீர்கள்.

என்ன? அண்ணனிடம் சொல்ல மாட்டீர்களா? ஒன்றுமே சொல்ல மாட்டீர்களா? வெள்ளிக்கிழமை வருகிறீர்களா மாமா? எல்லோருமா? உங்கள் காலைத் தொட வேண்டும், பஸ்ஸில் குனிய இடமில்லை. வீட்டுக்கு வாருங்கள், அம்மா காபி போடும், அன்றைக்காவது குடியுங்கள்.

உமையாளும் வருவாளா. வரட்டும், வரட்டும். பெரியப்பா வீட்டு அண்ணனுக்கு விசேஷம் என்றால் தங்கை வராமல் இருப்பாளா.

அவளுக்கும் கட்டம் தெரியுமா? அக்கா ஜாதகத்தை அவளும் பார்த்துவிட்டாளா? அவளும் ரெட்டை என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாளா. நீங்கள்தான் சொன்னீர்களா. நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றுதான் கிளம்பினீர்களா.

உமையாள் வந்து கேட்டால் என்ன சொல்வேன் என்கிறீர்களா. அதற்கென்ன மாமா, அதை என்னிடம் விடுங்கள். நீங்கள் நினைத்ததையே சொல்லிவிடுகிறேன். ரெட்டைதான். மங்கை மூத்தவள், நாலு நிமிஷம் பின்னால் தாரணி. குழந்தையைத் தூக்கிக்கொண்டு சிங்கப்பூர் போய்விட்டாள், மாப்பிள்ளை டிக்கெட் அனுப்பிக் கூப்பிட்டுக்கொண்டார். அக்கா விசேஷத்துக்கு வருவதாகத்தான் இருந்தது. அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். மங்கையிடமும் சொல்லிவிடுகிறேன், அவள் எதற்கும் மறுத்துப் பேசியதில்லை. கூடப்பிறந்தவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டால் நல்லாருக்கா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லுவாள்.

மதுக்கூர் வந்துவிட்டதா? கண்டக்டர், நிறுத்துங்கள், இவர் இறங்கணும். பார்த்து மாமா, கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு வீட்டுக்குப் போனதுமே உமையாள் கேட்பாளே, நான் சொல்வதும் நீங்கள் சொல்வதும் ஒன்றாக இருக்க வேண்டாமா? காய்ச்சலால் வெள்ளிக்கிழமைக்கு வரமுடியவில்லை என்று வைத்துக்கொள்வோம். காய்ச்சல் யாருக்கு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள். தாரணிக்கா, குழந்தைக்கா?